தொட்டி மூடியில் ஒட்டிய விருது

நெருப்பையும் சக்கரத்தையும் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனித வரலாற்றில் நிற்கப்போவது, நார்தாம்ப்டன்ஷயரில் எங்கள் ஆம்ஸ்பி பந்தயக் குழு நடத்திய எண்ணெய் விசாரணைதான். கூட்டக் குறிப்பு எழுதியவள் என்ற முறையில் அடித்துச் சொல்கிறேன். தேநீர் போட்டவளும் நானே.

சாதாரணக் கார் தன் எண்ணெயை இயந்திரத்தின் அடிவயிற்றில் வைத்துக்கொள்ளும். எங்கள் பந்தயக் காருக்கோ அதற்கென்று தனித் தொட்டி. எண்ணெயை இயந்திரத்துக்குள் அனுப்பி, மறுபடி தொட்டிக்கே இழுத்துக் கொண்டுவரப் பம்புகள் உண்டு. அவ்வளவு மரியாதை கொடுத்தும், ஒவ்வொரு பந்தயத்திலும் மூன்றாவது சுற்றில் தொட்டி எண்ணெயைக் கக்கியது. சென்ற முறை பின்னால் வந்த இரண்டு கார்கள் வழுக்கிப்போய்ப் புல்தரையில் மேய்ந்தன.

தடக் கண்காணிப்பாளர் திருமதி பிரேஸ்கர்டில் நேரில் வந்தார். இன்னும் ஒரு சொட்டு விழுந்தால் எங்கள் ஓட்டுநர் ஹேசல் இந்தப் பருவத்திலிருந்து நீக்கப்படுவாள் என்றார். அதற்காக மிகவும் வருந்தினார். ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டு போனார். ஹேசல் அப்போது புள்ளிப் பட்டியலில் இரண்டாமிடம். மீதமிருந்தது ஒரே பந்தயம்.

'உயர்மட்டக் குழு' கூடியது. பம்பை மாற்றியது. வழிந்தது. குழாய்களை மாற்றியது. வழிந்தது. ஒன்பதாவது கூட்டத்தில் தலைமைப் பொறியாளர் டெஸ்மண்ட் வண்ண வரைபடம் ஒன்றை விரித்தார்.

"ஏன் வழியுதுன்னு இன்னும் தெரியல பாஸ். ஆனா எவ்வளவு சீரா வழியுது பாருங்க. இந்த ஒழுங்கு வேற எந்தக் குழுவுக்கும் வராது."

உரிமையாளர் கிளைவ் நெகிழ்ந்துபோனார். "அதைக் குறிப்புல போடும்மா." போட்டேன்.

ஹேசல் மெதுவாகக் கேட்டாள். "ஒருவேளை நாம அதிகமா ஊத்துறோமோ?"

டெஸ்மண்டின் முகம் வாடியது. "தினமும் காலைல ஏழு மணிக்கு, இஞ்சின் சில்லுன்னு இருக்கும்போது, நானே தொட்டிக்குள்ள அளவுகோல் விட்டுப் பாக்குறேன். தினமும் குறைவாத்தான் இருக்கு. தினமும் ஊத்துறேன். பதினோரு வருஷத்துல ஒரு நாள் தவறினதில்ல, ஹேசல்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஹேசலும் மன்னிப்புக் கேட்டாள். இந்தக் கடமையுணர்ச்சிக்காகத்தான் வட்டாரச் சங்கம் எங்களுக்குத் 'தரக் கட்டுப்பாட்டு விருது' கொடுத்திருந்தது. அதன் தங்கநிற ஒட்டுப்படம் தொட்டி மூடியிலேயே மின்னியது.

பந்தயத்தன்று காலை அதைத் துடைத்துப் பளபளப்பாக்க என்னிடம் சொன்னார்கள். எண்ணெயில் ஊறிய மூலை கையோடு உரிந்து வந்தது. அடியில், உலோகத்தில் செதுக்கிய எழுத்துகள்: 'இயந்திரம் சூடாகி, ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் அளக்கவும். நின்றிருந்தால் எண்ணெய் இயந்திரத்துக்குள் இறங்கி, தொட்டியில் குறைவாகத் தெரியும்.'

கூட்டத்தில் பேச எனக்கு நா எழாது. ஹேசலின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். படித்துவிட்டு டயர் மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். டெஸ்மண்ட் பன்றியிறைச்சி ரொட்டிக்கு வரிசையில் நின்ற நேரத்தில், இயந்திரத்தைச் சூடாக்கி அளந்தோம். இரண்டரை லிட்டர் அதிகம். உறிஞ்சி எடுத்து வாளியில் ஊற்றினோம்.

அன்று ஒரு சொட்டுகூட விழவில்லை. ஹேசல் பந்தயத்தையும் வென்றாள், பட்டத்தையும் வென்றாள். திருமதி பிரேஸ்கர்டில் சந்தேகப்பட்டதற்கு வருந்தி, இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

ஹேசல் வாளியைத் தூக்கிக் காட்டி நடந்ததைச் சொன்னாள். உயர்மட்டக் குழு பொறுமையாகக் கேட்டது. 'ஓட்டுநரின் தனிப்பட்ட கருத்து' என்று குறிக்கச் சொன்னது. பிறகு, புதுப் பம்பு இப்போதுதான் வண்டியோடு பழகியிருக்கிறது என்று ஒருமனதாகக் கண்டுபிடித்தது. சங்கம் 'சிறந்த விசாரணைக்கான விருது' வழங்கியது. அதற்கும் ஓர் ஒட்டுப்படம்.

"எங்க ஒட்டலாம்?" என்றார் கிளைவ்.

"பழசு மேலயே ஒட்டலாம் பாஸ்," என்றார் டெஸ்மண்ட். "மூலை கிழிஞ்சு, அடியில ஏதோ எழுத்தெல்லாம் தெரியுது. பாக்க அசிங்கமா இருக்கு."

ஹேசலைத் தவிர, எங்கள் பட்டறையில் உண்மையைச் சொல்ல முயன்றது அந்தத் தொட்டி ஒன்றுதான். அதன் வாயை இரண்டு முறையும் விருதால் அடைத்தோம். இரண்டாம் முறை, காற்றுக் குமிழி இல்லாமல் அழுத்தித் தேய்த்தவள் நான்.