முகத்துவாரத்தில் ‘வாங்கம்மா’

சென்னைப் பட்டணத்துக்கு ஒலிபெருக்கி என்னும் சாதனம் வந்திராவிட்டாலும், எழுபதுகளில் ஒரு குறையும் நேர்ந்திராது என்பது என் உறுதியான கருத்து. ரங்கநாதன் தெருவில் ‘வாங்கம்மா’ என்று பேர்பெற்ற ஆசாமி ஒருவர் இருந்தார். ஜவுளிக்கடை வாசலில் நின்று வாடிக்கையாளரை அழைப்பது அவருடைய உத்தியோகம். “வாங்கம்மா, வாங்க!” என்று அவர் குரலெழுப்பினால், மாம்பலம் நிலையத்தில் தாம்பரம் ரயிலுக்குக் காத்திருந்தவர்கள்கூடப் புடவை எடுத்துக்கொண்டுதான் வீடு திரும்புவார்கள். அவருடைய இயற்பெயரை நான் அறியேன்.

இத்தகைய மனிதருக்கு வாய்த்த ஆசை, பறவை பார்ப்பது.

ஞாயிறு காலைகளில் அடையாற்றின் முகத்துவாரத்தில் பறவைகளைக் கணக்கெடுத்து, கரையில் சேரும் குப்பையையும் அகற்றிவந்த சிறு குழுவில் நானும் ஒருவன். தலைமை தாங்கியவர் மயிலாப்பூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை; எங்களுக்கு டீச்சர் மாமி. அவர் வகுத்த முதல் விதி மௌனம். வாங்கம்மாவோ வந்த அன்றே, நாரைக் கூட்டமொன்று இறங்கக் கண்டு, பழக்கதோஷத்தால், “வாங்கம்மா, வாங்க!” என்று வரவேற்றார். நாரைகள் சேற்றில் கால் வைக்காமலே பெசன்ட் நகர்ப் பக்கம் திரும்பின. மறுவாரம் தும்மினார், கொக்குகள் போயின. அதற்கடுத்த வாரம் என்னிடம் இரகசியம் பேசினார், எஞ்சியவையும் போயின.

“குப்பையெல்லாம் நீங்கதான் சுமக்கறேள், இல்லேங்கலை. ஆனா இன்னொரு தரம் பறவை பறந்துதோ, அப்புறம் நீங்க வரப்படாது. சொல்லிட்டேன்” என்றார் டீச்சர் மாமி.

வாங்கம்மாவின் முகம் வாடியது. “ஆறு நாளும் கத்துதேம்மா. இந்த ஒரு நாள்தான் சும்மா நிக்கேன். அதையும் பிடுங்கிராதீங்க.”

மறு ஞாயிறு, வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு வந்தார்.

அன்று சரளை மேட்டில் ஆள்காட்டிக் குருவி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. தரையில், கற்களுக்கு நடுவே, கற்களைப் போன்றே முட்டைகள். கட்டட இடிபாடு ஏற்றிய லாரி ஒன்று பின்னோக்கி அம்மேட்டை நெருங்கியது. நாங்கள் கைகளை வீசினோம், கண்ணியமாகக் கூவினோம். என்ஜின் இரைச்சலில் எதுவும் எடுபடவில்லை. வாங்கம்மா டீச்சர் மாமியைப் பார்த்தார். முட்டைகளைப் பார்த்தார். துண்டை அவிழ்த்தார்.

“ஏலே, நிப்பாட்டுலே! முட்டை கெடக்குலே!”

லாரி நின்றது. சைதாப்பேட்டைப் பாலத்தில் போன பேருந்தும் நின்றிருக்கக்கூடும். முகத்துவாரத்திலிருந்த பறவைகள் அத்தனையும் ஒருசேர வானேறின.

“இன்னா நைனா, இப்டி கூவிக்கினு கீற? ஆளுதான் மாட்டிக்கிச்சுன்னு பேஜாராயிட்டேன்!” என்று ஓட்டுநர் இறங்கிவந்தார். குனிந்து பார்த்தவர், “அட, கல்லு மாரியே கீது!” என்று வியந்து, லாரியைத் திருப்பிக்கொண்டு போனார்.

வாங்கம்மா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

“எங்கே கிளம்பிட்டேள்?” என்றார் டீச்சர் மாமி.

“பறவையெல்லாம் போயிருச்சேம்மா.”

“கூட்டுக்கு ஆபத்துன்னா ஆள்காட்டியும்தான் ஊரைக் கூட்டறது. அதை வரப்படாதுங்கறேனா? உட்காருங்கோ. எல்லாம் திரும்பி வரும். முதல்லேர்ந்து எண்ணணும்.”

அவர் மீண்டும் துண்டைக் கட்டிக்கொண்டு அமர்ந்தார். முதலில் திரும்பியது ஆள்காட்டிதான்.

வாங்கம்மா காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. இன்றும் பாண்டி பஜாரில் எவரேனும் “வாங்கம்மா” என்று உரக்க அழைத்தால், என் கண்கள் தாமாகவே வானத்தை நோக்குகின்றன.