பேரைத் தேற்ற வந்த நீலக் கார்டு

என் பெயர் கெட்டதற்கு நான் ஒருவன்தான் காரணம். ஜாதகத்தையோ பக்கத்து வீட்டுக்காரர் கண்ணையோ குறை சொல்ல வழியில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. டை கட்டிய ஒருவர் கேண்டீன் வாசலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பின்னாலேயே நீல நிறத்தில் ஒரு கிரெடிட் கார்டு வந்தது. பில்லில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஒன்று போட்டிருந்தார்கள். அதை மட்டும் கட்டினால் மீதியை பாங்க் பெருந்தன்மையாக விட்டுவிடும் என்று நம்பினேன். (நான் பி.காம். எந்தக் கல்லூரி என்று மட்டும் கேட்காதீர்கள்.)

வட்டி குட்டி போட்டது. பாங்கிலிருந்து போன் வந்தால் குரலை மாற்றி, “நான் அவன் அண்ணன் பேசறேன். அவன் துபாய் போயிட்டான்” என்பேன். எனக்கு அண்ணனே கிடையாது. கடைசியில் பேரம் பேசிப் பாதியைக் கட்டிக் கணக்கை முடித்தேன். ஆனாலும் வீட்டுக் கடன் கேட்டுப் போன இடத்திலெல்லாம் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள்.

ஒரு மேனேஜர் மட்டும் இரக்கப்பட்டார். “ஒரு ஃபிக்சட் டெபாசிட் போடுங்க. அத ஈடா வெச்சிக்கினு கார்டு தர்றோம். கொஞ்சமா செலவு பண்ணி, மாசாமாசம் முழுசா கட்டிக்கினு வாங்க. பேரு தானா தேறும்.”

டெபாசிட்டுக்கு என் மனைவி கமலாவின் சீட்டுப் பணம்தான் கிடைத்தது. “வீடு வாங்கத்தானே?” என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டுக் கொடுத்தாள். வந்த புதுக் கார்டும் நீலம். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டதாகக் கமலாவிடம் சொன்னேன், போடவில்லை. பர்ஸில் ஒற்றைக் கார்டு இருந்தால் மதிப்பாக இருக்காது என்று இரண்டையும் செருகி வைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை தேவிக்குத் திண்டிவனத்தில் மாப்பிள்ளை அமைந்தது. முகூர்த்தப் புடவை எடுக்க மாப்பிள்ளை வீட்டார் காஞ்சிபுரம் வந்தார்கள். பட்டுக் கடைக்குக் கமலாவையும் தேவியையும் அழைத்துக்கொண்டு நானும் போனேன். அவர்கள் எடுத்து முடித்ததும் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சம்பந்தியம்மாவிடம், “உங்க புடவை எங்க செலவும்மா. பிடிச்சத எடுங்க” என்றேன். அவர் கூச்சத்தோடு ஒரு அரக்கு நிறப் புடவையை எடுத்தார். நான் கார்டை இரண்டு விரலிடுக்கில் பிடித்து நீட்டினேன்.

கடைக்காரர் மெஷினில் தேய்த்தார். “பாங்க்குக்குப் போன் பண்ணச் சொல்லுது சார்” என்றார். பண்ணினார். “சரிங்க மேடம், சரிங்க மேடம்” என்றபடியே என்னைப் பார்த்த பார்வையில் துக்க வீட்டுக் களை வந்தது. பிறகு டிராயரிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தார்.

“வெட்டிடச் சொல்றாங்க சார். தப்பா எடுத்துக்காதீங்க.”

கரக்.

கமலா வீறிட்டாள். “ஐயோ, என் சீட்டுப் பணம்! ஏங்க, அதுக்குத்தானே டெபாசிட் போட்டீங்க?”

“அது இல்ல கமலா, இது பழைய கார்டு.”

“பழசத் தூக்கிப் போட்டேன்னீங்களே!”

“எந்தப் பழைய கார்டு தம்பி?” என்றார் சம்பந்தியம்மா.

பட்டு விரித்த ஜமக்காளத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. உளறிக்கொட்டியதில் துபாய்க் கதையும் வெளியே வந்துவிட்டது. “பொண்ணுக்கு இன்னொரு அண்ணன் இருக்காரா? சொல்லவே இல்லையே!” என்று மாப்பிள்ளையின் அப்பா திடுக்கிட்டார். தலை குனிந்த தேவி நிமிரவேயில்லை.

நல்ல கார்டு அப்போதும் என் பர்ஸில்தான் இருந்தது. எடுத்து நீட்டியிருக்கலாம். அதையும் வெட்டிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் சட்டைப் பையை இறுகப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சம்பந்தியம்மா கைப்பையைத் திறந்தார். “இருக்கட்டும்பா. என் புடவைக்கு நானே குடுத்துடறேன்.”

கல்யாணம் நின்றுவிடவில்லை. ஆனால் தாலி ஏறும் வரை தேவி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த உறுத்தலிலேயே நான் ஒழுங்காகிவிட்டேன். பெட்ரோல், மளிகை என்று அளவாகச் செலவு செய்து தேதி தவறாமல் கட்டினேன். மேனேஜர் சொன்னபடியே பெயர் தேறியது. அடுத்த சில வருடங்களில் கடன் கிடைத்து, காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் வீடும் வாங்கினோம். பாங்க் என்னை மன்னித்துவிட்டது. திண்டிவனத்தில்தான் எதுவும் தேறவில்லை. பண்டிகைக்குப் பண்டிகை சம்பந்தியம்மா அந்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு, “இது நானே காசு குடுத்து வாங்கினது” என்று வந்தவர்களிடம் சொல்வாராம். கேட்டுக்கொண்டு காபி கொடுத்தது தேவி.

இன்றைக்கும் எந்த ஜவுளிக்கடையில் நான் பர்ஸை எடுத்தாலும் மாப்பிள்ளை விட மாட்டார். “கத்திரிக்கோல ஒளிச்சு வைங்கப்பா, மச்சான் பணம் கட்டப் போறாரு!” கடையே சிரிக்கும். நானும் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பேன். தேவி மட்டும், ஏற்கெனவே எடுத்து முடித்த புடவையை மறுபடி பிரித்து ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.