பன்னிரண்டு பேர் வேலை செய்த நூடுல்ஸ் கம்பெனி

பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துக்கொள்ளும். எனக்கு நேர்மாறு. பயம் கூடக் கூட வாய் தானாகப் பேசும். என்ன பேசியது என்பது எனக்கே பிறகுதான் தெரியும். இந்த வியாதியோடு ஒருமுறை கல்வராயன் மலைக்குப் போய், தொழில் தொடங்குவது எப்படி என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. வடக்கனந்தலில் எங்கள் வீட்டின் பின்பக்கம், மரவள்ளிக் கிழங்கு மாவில் நூடுல்ஸ் செய்யும் ஸ்டார்ட்அப் ஒன்றைத் தொடங்கியிருந்தேன். (நிறுவனம் என்பது நான், அம்மா, ஒரு கிரைண்டர்.) ஏழே மாதத்தில் மூடியும் விட்டேன். மூடியதை வெளியே சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் என் படத்தின் கீழ் 'நிறுவனர்' என்ற வார்த்தை அப்படியே இருந்தது. அதைப் பார்த்துத்தான் மலைமேல் இருக்கும் ஓர் அரசுப் பள்ளியின் தலைமை ஆசிரியை போன் செய்தார்.

"எங்க பசங்களுக்கு போலீசு, டீச்சரு, நர்ஸு, இத விட்டா வேற வேலையே தெரியலீங்க மேடம். சொந்தமாவும் தொழில் பண்ணலாம்னு நீங்க வந்து நாலு வார்த்தை சொல்லணும்."

மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். "கண்டிப்பா வரேங்க" என்று வந்தது.

அப்பாதான் பைக்கில் அழைத்துப் போனார். மக்காச்சோளம் போடும் விவசாயி. கம்பெனி மூடிய கதை முழுதும் தெரிந்தவர். ஆனாலும் மகளைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்களே என்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நான் ஒரு மண்சரிவை வேண்டிக்கொண்டேன். சின்னதாக, யாருக்கும் அடிபடாமல், சாலையை மட்டும் மறிக்கிற மாதிரி. மலை அன்று அசையவே இல்லை.

"இன்னாம்மா, கை இப்புடி நடுங்குது?"

"குளுருதுப்பா."

"வெயிலு மண்டைய பொளக்குது, இவளுக்குக் குளுருதாம்."

பள்ளியில் இருநூறு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நானூறு கண்கள். மைக்கைப் பிடித்து, எழுதி வைத்திருந்த தாளை விரித்தேன். முதல் வரி: 'பயமே நம் முதல் எதிரி.' அதைப் படிக்கும்போது தாள் நடுங்கிய சத்தம் மைக்கில் ஏறி, யாரோ முறத்தில் புடைப்பதுபோல் அரங்கம் முழுக்கக் கேட்டது. கடைசி வரிசையில் ஒரு சிரிப்பு. அவ்வளவுதான், என் வாய் பொறுப்பை எடுத்துக்கொண்டது.

"என் கம்பெனியில் இப்போது பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள்!"

கைதட்டல் எழுந்தது. முன்வரிசை நாற்காலியில் இருந்த அப்பா மெல்லத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். (எங்கள் வீட்டுக் கோழிகளைச் சேர்த்து எண்ணினாலும் ஒன்பதுதான் வரும்.)

கேள்வி நேரம் வந்தது. ஒன்பதாம் வகுப்பு கோகிலா என்ற பெண் எழுந்தாள்.

"அக்கா, எங்க சத்யாக்கா பன்னெண்டாவது முடிச்சிட்டு வூட்டுலதான் இருக்குது. அம்மாவும் அப்பாவும் மொளகு பறிக்க வருசா வருசம் கேரளா போவாங்க. இந்த வருசம் அதையும் கூட்டிக்கினு போறோம்னு சொல்றாங்க. உங்க கம்பெனியில அதுக்கு ஒரு வேலை கெடைக்குமா?"

விலாசம் எழுதிக்கொள்ள நோட்டைத் திறந்து, பேனாவையும் தயாராக வைத்திருந்தாள்.

அதுவரை நான் பயந்தது மானத்துக்கு. இது வேறு பயம். அப்பாவைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை, காத்திருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக என் வாய் எனக்காகக் காத்திருந்தது.

"பன்னெண்டு பேர் இல்லம்மா. ஒருத்தருமே இல்ல. கம்பெனியே இல்ல. மூடிட்டேன்."

தலைமை ஆசிரியையின் நாற்காலி கிறீச்சிட்டது. மைக்கைப் பிடுங்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கோகிலா உட்காரவில்லை.

"ஏங்க்கா மூடிட்டீங்க?"

"கொதிக்க வெச்சா எல்லாம் சேர்ந்து கூழாயிடும். வாங்கினவங்க மறுபடி வரல."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர் வந்தார். வாரா வாரம்."

"அவருக்கு மட்டும் புடிச்சிருந்துச்சா?"

"அவர் சாப்பிடலம்மா. கள்ளக்குறிச்சியில போஸ்டர் ஒட்டுறவர்."

இருநூறு பேரும் சிரித்தார்கள். தலைமை ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். சிரிக்காமல் இருந்தவள் கோகிலா மட்டும்தான்.

"நல்லா ஒட்டுச்சாக்கா?"

"கிழிச்சாலும் வராது."

"அப்பறம் இன்னாத்துக்கு அத்த நூடுல்ஸுன்னு வித்தீங்க?"

எழுதி வந்த தாளைப் பார்த்தேன். அதில் பசை என்ற வார்த்தையே இல்லை. நன்றி சொல்லி இறங்கிவிட்டேன்.

மலையிறங்கும்போது அப்பா பாதி வழியில் பைக்கை நிறுத்தினார். திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சிரித்தபடி வண்டி ஓட்ட முடியவில்லை என்பதால் நிறுத்தியிருக்கிறார்.

அடுத்த மாதமே சத்யாவைக் கேரளாவுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். அந்தத் திறந்த நோட்டு எனக்கு வெகுநாள் உறுத்தியது. அந்த உறுத்தலில்தான் கிரைண்டரைத் துடைத்துப் பசை காய்ச்சத் தொடங்கினேன். சின்னசேலத்தில் அட்டைப்பெட்டி செய்யும் ஒருவர் தொடர்ந்து வாங்க ஒப்புக்கொண்ட அன்று, தலைமை ஆசிரியைக்கு நானே போன் செய்தேன். சத்யா திரும்பி வந்து சேர்ந்தாள். பசை எப்போது பதமாகும் என்பதில் இன்று அவள் சொல்வதுதான் சட்டம். நிறுவனர் பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை.

அம்மாவையும் அப்பாவையும் சேர்த்து நாங்கள் இப்போது நான்கு பேர். மதியம் ஒன்றாகத்தான் சாப்பாடு. அரிசி களையும்போது, "இன்னிக்கு எத்தினி பேருக்கு ஒல வெக்கிறது?" என்று அம்மா கேட்பார். அப்பா என் பக்கம் திரும்பாமலே சொல்வார்:

"பன்னெண்டு."