இரண்டாம் மாடி ஃபில்டரும் பொய் சொல்லும் பெட்டியும்

திருச்சூர்,
கர்க்கடக மாதம், விடாத மழை.

அன்புள்ள மாப்பிள்ளை டெல்சனுக்கு, உங்கள் மச்சான் அந்தப்பன் எழுதுவது. இங்கே நானும் மழையும் நலம். அங்கே நீங்களும் தங்கை ரோஸிலியும் குழந்தைகளும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே "மச்சான், நான் விளக்குறேன்" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் உங்கள் பெட்டி. ஏசியில் எங்கே கோளாறு என்றாலும் தானே கண்டுபிடித்து போனில் சொல்லும் என்று எங்கள் ஜவுளிக்கடையில் மாட்டிவிட்டுப் போனீர்களே, அதேதான். உங்கள் கம்பெனிக்கு முதல் கடை என்று லோனப்பன் முதலாளியின் காலில் விழாத குறையாகச் சிபாரிசு செய்தவன் நான். அது இப்போது என் மானத்தை வாங்குகிறது. தினமும் காலையில் தொப்பலாக நனைந்து வந்து, வேட்டியைக் கழற்றி யூனிபார்ம் மாட்டி, கட்டன் சாயாவை வாயில் வைப்பதற்குள் என் போனும் முதலாளி போனும் சேர்ந்து அலறும்: 'இரண்டாம் மாடி, ஃபில்டரில் அடைப்பு.' உடனே மேலே ஓடுவேன். முதலாளி மூச்சு வாங்கப் படியேறி வருவதற்குள், ஃபில்டர் மேல் காயப்போட்ட என் வேட்டியை எடுத்து ஒளித்துவைப்பேன் (இந்த மழையில் ஊரில் ஒரு கர்ச்சீப்கூடக் காய்வதில்லை, அங்கே விரித்தால் காற்று இழுக்கிற இழுப்பில் கிளிப்பே வேண்டாம், மத்தியானத்துக்குள் இஸ்திரி போட்ட மாதிரி ஆகிவிடும்). பிறகு ஃபில்டரைக் காட்டுவேன். பளபளவென்று இருக்கும்! பெட்டியும் உடனே 'அடைப்பு நீங்கியது' என்று நல்ல பிள்ளையாகிவிடும். முதலாளி இறங்கிப் போவார், நான் வேட்டியை மறுபடி விரித்துவிட்டு வருவேன், பார்த்தால் மறுபடியும் 'அடைப்பு'! இப்படி ஒரு புளுகை என் சர்வீஸில் கண்டதில்லை.

நேற்று ஒரு கல்யாணக் கோஷ்டி இரண்டாம் மாடியில் உட்கார்ந்திருந்தது. பெண்ணின் அம்மா புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே, "என்ன சேட்டா, எங்களுக்குப் பட்டு காட்டுறீங்களா, எங்கள வெச்சுப் புட்டு அவிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு எல்லோரையும் கூட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "அந்தப்பா, ஃபில்டர் சுத்தமா இருக்கா, இல்லையா?"

"சுத்தமா இருக்கு முதலாளி."

"அப்ப உன் தங்கச்சி புருஷன் பெட்டிதான் பொய் சொல்லுது. சனிக்கிழமைக்குள்ள கழட்டி அவன் தலையிலயே கட்டிடு."

துபாய் வேலையை விட்டுவிட்டு இந்த ஒன்றை நம்பி வந்தவர் நீங்கள். எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. ஆனால் என் கண்ணால் பார்த்ததை நான் எப்படி இல்லை என்பேன்? ஆகவே வந்து கழற்றிக்கொண்டு போங்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும், கப்பக்கிழங்கும் மத்திக் குழம்பும் இருக்கும்.

கர்த்தர் உங்கள் எல்லோரையும் நனையாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
பாசமுள்ள மச்சான்,
அந்தப்பன்

பி.கு.: கடிதம் கசங்கியிருப்பதற்கு மன்னிக்கவும். தபாலில் போடலாம் என்று காலையில் சட்டைப்பையில் வைத்துக் கிளம்பினேன், குடை காற்றோடு போய்விட்டது. கடைக்கு வந்ததும் வேட்டியையும் பக்கத்தில் இந்தக் கடிதத்தையும் ஃபில்டர் மேல் விரித்தேன். அங்கேயே நிற்கும்போது போன் அலறியது. எடுத்தேன், நீங்கியது என்றது. விரித்தேன், அலறியது. மறுபடி எடுத்துத் திரும்பினால் பின்னால் முதலாளி நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ! "பெட்டி இங்கயே இருக்கட்டும்டா," என்றார். "கழட்ட வேண்டியது உன் வேட்டியத்தான்."

ஆகவே நீங்கள் வர வேண்டாம். ரோஸிலிக்குத் தெரியவும் வேண்டாம். ஒன்று மட்டும் கேட்கிறேன், மாப்பிள்ளை: மழை இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, மெல்லிசாக ஒரே ஒரு வேட்டி விரித்தால் மட்டும் கண்டுகொள்ளாமல் இருக்கும்படி உங்கள் பெட்டிக்குச் சொல்லிவைக்க முடியுமா?