கண்ணாத்தாள் கட்டிய காப்பு

இடுப்பு வலிக்கிறது என்று சொன்னதுதான் கண்ணாத்தாள் செய்த முதல் தப்பு. ஆண்டியப்பன் நல்லெண்ணெயைக் காய்ச்சிக்கொண்டு வந்து பாயில் உட்கார்ந்துவிட்டான்.

“திரும்பிப் படு, தேச்சு விடறேன்.”

“ஐயோ, வேணாங்க! தானாச் சரியாயிரும்!” என்று அடுப்படிக்கு ஓடினாள். வலிக்கிற இடுப்பு அந்த ஓட்டம் ஓடுமா?

பாவம், அவள் என்ன செய்வாள்? தீட்டு முன்னப்பின்ன வர ஆரம்பித்ததிலிருந்து உடம்பு திடீரென்று கொதிக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது. புருஷன்மேல் பிரியம் குறையவில்லை. அந்த ஆசைதான் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. வாய்விட்டுச் சொல்லவும் பயம். எதிர்வீட்டு நாகராசு இப்படித்தான் கீரமங்கலத்தில் இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டான்.

“ரெண்டாவது கட்டக்கூடாதுன்னு சட்டம் வந்துருச்சாமே?” என்று நாகராசு பெண்டாட்டியிடம் விசாரித்தாள்.

“தாலி கட்டினாத்தானேடி சட்டம்!” என்று அவள் மூக்கைச் சிந்தினாள்.

கண்ணாத்தாள் யோசித்தாள். பங்குனித் திருவிழாவுக்குப் பூக்குழி இறங்குவதாக நேர்ந்துகொண்டு, தை மாசமே பூசாரியிடம் காப்புக் கட்டிக்கொண்டாள். காப்புக் கட்டினவளைப் புருஷன் தொடக்கூடாது. ஏற்கெனவே கொதிக்கிற உடம்போடு நெருப்பில் வேறு நடக்கவேண்டும். நடந்து தொலைக்கலாம்.

“சாமி காரியம், தாராளமா இரு,” என்றான் ஆண்டியப்பன். முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

அப்புறம் வாராவாரம் அறந்தாங்கி பஸ் ஏறினான். திரும்பும்போது வாயில் நெய்யும் ஏலக்காயும் மணந்தது. மடியில் எதையோ மறைத்துக்கொண்டு நேரே மாட்டுக்கொட்டகைக்குப் போனான்.

“எங்கிட்டுப் போயிட்டு வாரீங்க?”

“சந்தைக்கு.”

“வெறுங்கையோடயா?”

“ஒண்ணும் நல்லால்ல.”

எவளோ பாயசம் காய்ச்சி ஊற்றுகிறாள்! தள்ளிப் படுக்கப் போய்ப் புருஷனையே தூக்கிக் கொடுத்துவிட்டோமே என்று கண்ணாத்தாள் அழுதாள். ஆசை வராட்டிப் போகுது, ஆள் வீட்டில் இருந்தால் போதும். முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு, பூசாரி வீட்டுக்கு ஓடினாள். பூசாரி இல்லை. அவர் பெண்டாட்டி ராக்காயிதான் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ராக்காயி, பூசாரிய வரச்சொல்லு. இந்தக் காப்ப இப்பவே அவுக்கணும்!”

“சாமி குத்தமாயிரும்க்கா.”

“ஆகட்டும்! என் புருஷன் என் கையவிட்டுப் போறாருடி!”

ராக்காயி முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்னக்கா சொல்றீங்க? நேத்துத்தான அண்ணன் வந்து, ‘அறந்தாங்கி வைத்தியர் லேகியம் இன்னும் வேலை செய்யல, திருவிழா முடிஞ்சாலும் அவ காப்ப மட்டும் அவுத்துறாதீங்க’ன்னு, எங்க வீட்டுக்காரர் கையப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டுப் போனாரு!”