பவளத்துக்கு ஆகாதவை

சம்பத்குமார் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் கை கால் அலம்பிக்கொண்டு வருவதற்குள், வண்டியில் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பையைக் காணோம். பை போனால் போகட்டும். அதிலிருந்த டிபன் பாக்ஸும் போகட்டும். அடியில், செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டி, இரண்டு வெங்காய வடைகள் இருந்தனவே!

ஸ்ரீவில்லிபுத்தூர் மாட வீதியில் இருந்த அந்த வீட்டுக்குள் வெங்காயம் பூண்டு நுழைந்ததே கிடையாது. காய்கறிக்காரி வெங்காயக் கூடையோடு வாசலில் நின்றால், அவர் மனைவி பங்கஜவல்லி அவளை நாலடி தள்ளி நிற்கச் சொல்லித்தான் கத்தரிக்காயே வாங்குவாள். அப்பேர்ப்பட்டவளின் கணவர், ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மில்லில் டெஸ்பாட்ச் கிளார்க். ஏழு வருஷமாகத் தினமும் நாலு மணிக்கு, சரக்குக் கொட்டகைக்குப் பின்னால் நின்று இரண்டு வடை தின்பார். பிறகு ஒரு ஏலக்காயை மென்றுகொண்டு வீட்டுக்கு வந்து, சந்தியாவந்தனம் பண்ண உட்கார்ந்துவிடுவார். இன்றைக்கு லாரி ஏற்ற நேரமாகிவிட்டது. வழியில் தின்னலாமென்று வடையைப் பையில் வைத்தால், மழை பிடித்துக்கொண்டது.

பையை யார் தூக்கியிருப்பார்கள் என்று யோசிக்கவே வேண்டாம். வீட்டில் பவளம் இருந்தது.

பவளம், மில் முதலாளியின் நாய். அசல் ராஜபாளையம் ஜாதி. வெள்ளை வெளேரென்று உடம்பு, ரோஜா நிறத்தில் மூக்கு. முதலாளி குடும்பத்தோடு திருப்பதிக்குப் போனதால் நாலு நாளைக்கு இங்கே. போன தடவை அதைப் பார்த்துக்கொண்டவர் வீட்டில் மூன்று நாளும் வெங்காயச் சாம்பார் ஊற்ற, பவளம் ரத்தம் செத்துப் படுத்துவிட்டதாம்.

"ஒங்க வீட்டுலதான் வெங்காய வாசமே கெடையாதுல்லா, சம்பத்து. இதைவிடப் பத்திரமான எடம் எனக்கு எங்க கெடைக்கும்?" என்று சொல்லி, முதலாளி ஒரு தாளையும் கையில் திணித்திருந்தார்.

கேரட், பீன்ஸ், பூசணி, தர்பூசணி, விதை எடுத்த ஆப்பிள் கொடுக்கலாம். திராட்சை, வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. வெங்காயத்துக்குக் கீழே மட்டும் சிவப்பு மையில் இரண்டு கோடு. பங்கஜவல்லி அதை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்து, தெருவில் உள்ள அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டாள். நம் ஆசாரத்தின் அருமை ஒரு நாய்க்காரருக்குத் தெரிந்திருக்கிறதே என்று அவளுக்கு ஏகப் பெருமை.

சம்பத்குமார் பூனைபோல் நடந்து கட்டிலுக்கடியில் பார்த்தார், மாடிப்படிக்கடியில் பார்த்தார். என்ன தேடுகிறீர்கள் என்று பங்கஜவல்லி கேட்கவும், செருப்பு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். செருப்பு வாசலில், கழற்றிய இடத்திலேயே கிடந்தது. அவள் அதைப் பார்க்குமுன் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். அங்கே பையும் இல்லை, பவளமும் இல்லை.

அவர் கத்தப் போன சமயத்தில், பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் பவளத்தைக் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். ஆட்டோ ஓட்டும் ராக்கப்பனின் மனைவி அவள். நாய் சுவரேறிக் குதித்து அவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டதாம். மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தவள், சம்பத்குமார் நிற்பதைப் பார்த்துப் பேசாமல் போய்விட்டாள். பவளம் நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டது. சம்பத்குமாருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அடுத்த கால் மணியில் பவளம் கூடத்தின் நடுவில் வாந்தி எடுத்தது.

பங்கஜவல்லி ஓடிப் போய்த் தாளைப் படித்தாள். திராட்சை என்ற இடத்தில் அவள் விரல் நின்றது. புரட்டாசிச் சனிக்கிழமையென்று அக்காரவடிசில் பண்ணி, பெருமாளுக்குக் காட்டிவிட்டு, பாவம் வாயில்லாத ஜீவன் என்று ஒரு பிடி பவளத்துக்கும் போட்டிருந்தாள். அதில் கிஸ்மிஸ் இருந்தது.

"ஏன்னா, கிஸ்மிஸும் திராட்சைதானே? எனக்குத் தோணவே இல்லையே! நானே கொன்னுட்டேனே!"

அட, பழி தானாகக் கிஸ்மிஸ் மேல் விழுகிறதே என்று சம்பத்குமாருக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அடுத்த கணம், சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்றிருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஓமத் தண்ணீர் புகட்டினால் சரியாகிவிடும் என்று புகட்டினார். பவளம் அதையும் சேர்த்துக் கக்கியது. அந்த நேரம் பார்த்து முதலாளி திருப்பதியிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். பவளம் தூங்குகிறது என்று சொல்லி, சம்பத்குமார் அதன் முதுகை மட்டும் காட்டினார். முதலாளி ஆசையோடு பெயர் சொல்லி அழைத்தார். குரலைக் கேட்டதும் பவளம் எழுந்து வந்து, போன் மேலேயே வாந்தி எடுத்தது.

இனிமேல் மறைத்துப் பயனில்லை. ராக்கப்பனின் ஆட்டோவில் பவளத்தை ஏற்றி, பிடித்துக்கொள்ள வெள்ளத்தாயையும் கூட்டிக்கொண்டு, கிருஷ்ணன்கோவிலில் இருந்த மாட்டு டாக்டர் பாண்டிதுரை வீட்டுக்குப் போனார்கள். வழியில் பவளம் கக்கி வைத்த ஆட்டோவைக் கழுவ வெள்ளத்தாய் வெளியே தங்கிவிட்டாள்.

டாக்டர் கிஸ்மிஸ் கதையைக் கேட்டார். ஊசி ஒன்று போட்டார். பவளம் மிச்சம் மீதியையும் தட்டில் இறக்கியது. டாக்டர் இடுக்கியால் கிளறினார்.

"கிஸ்மிஸ் முழுசா வந்துருச்சும்மா. அதைப் பத்திக் கவலையில்ல. ஆனா வெங்காயமும் கெடக்கே. எம்புட்டுத் தின்னுச்சு?"

"எங்காத்துலயா? நன்னாக் கேட்டேள் போங்கோ. அது வேற ஏதாவது இருக்கும்" என்றாள் பங்கஜவல்லி, அழுகையின் நடுவிலும் நிமிர்ந்து.

"வெங்காயந்தாம்மா. அளவு தெரியாம நான் மருந்து குடுக்க முடியாது. கிலோக் கணக்குல தின்னுருந்தா ரத்தம் ஏத்தணும். இப்பவே திருநெல்வேலிக்குக் கொண்டு போயிருங்க. போய்ச் சேருறவரைக்கும் தாங்குமான்னு சொல்லத் தெரியல."

டாக்டர் கடிதம் எழுத உட்கார்ந்தார். பவளம் தள்ளாடி வந்து, சம்பத்குமாரின் பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. வெதுவெதுவென்று மூச்சு பட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று ஏழு வருஷம் இருந்தாயிற்று. அதற்காக ஓர் உயிரையா கொடுப்பது? ஆனது ஆகட்டும் என்று எழுந்தார்.

"எழுதாதீங்கோ டாக்டர். வெங்காய வடை. ரெண்டே ரெண்டு. என் பையில இருந்தது."

டாக்டர் பேனாவை மூடினார். இருபத்தைந்து கிலோ நாய்க்கு இரண்டு வடையிலிருக்கும் வெங்காயம் ஒரு பொருட்டே இல்லை, மருந்து ஒரு வேளை போதும், நாலு நாள் கழித்து ரத்தம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பவளத்துக்கும் அது கேட்டுவிட்டதுபோல, வாலை இரண்டு தரம் ஆட்டியது. சம்பத்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது.

பங்கஜவல்லியின் அழுகை மட்டும் சட்டென்று நின்றுபோனது.

"வடையா? என்னிக்கிலேர்ந்து?"

ஏழு வருஷம் என்றார்.

"நாலு தலைமுறையாக் கட்டிக் காத்த ஆசாரம். புரட்டாசிச் சனிக்கிழமையும் அதுவுமா! நாளைலேர்ந்து உங்களுக்குத் திண்டியும் சாதமும் வாசல்லதான். தலைக்கு ஸ்நானம் பண்ணாம ஆத்துக்குள்ள காலெடுத்து வைக்கப்படாது. அந்த வாயால பெருமாள் பேரைச் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது?"

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தபோது, நாய் பிழைத்ததா என்று கேட்க வந்த வெள்ளத்தாய், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். சற்று நேரம் நின்று கேட்டாள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அவுகளை வையாதீங்க மாமி. வடைப் பொட்டலம் நூலுகூட அவுக்காம எங்க கொல்லையில கெடக்கு. இது தின்னது, நித்தம் ஒங்களுக்குன்னு நான் சுட்டு வைக்கிற ரெண்டு வெங்காய ஊத்தப்பத்தைல்லா."