பருந்தார் சுறாவுக்கு மாறிய படலம்

கட்சி மாறுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வீடு மாறுகிறவர்களையும், வேலை மாறுகிறவர்களையும், காலையில் சொன்னதை மாலையில் மாற்றுகிறவர்களையும் பார்த்திருப்பீர்கள். இவர்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுகிற ஓர் இனம் இருக்கிறது. கார் மாறியவர். சாதாரணக் கார் வைத்திருப்பவர் பாவம், பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். இங்கே பேச்சு அவரைப் பற்றியல்ல. தரையோடு தரையாக ஓடுகிற, இரண்டே பேர் உட்காரக்கூடிய, கிளம்பும்போது தெருவில் தூங்குகிற குழந்தைகளையெல்லாம் எழுப்பிவிட்டுப் போகிற அந்த உயர்ரக வண்டியை வைத்திருக்கிறாரே, அவரைப் பற்றி. அவர் ஒரு கம்பெனியை விட்டு இன்னொரு கம்பெனிக்குப் போனால் அதற்கு வியாபாரம் என்று பெயரில்லை, மதமாற்றம்.

இந்த இனத்தை அடையாளம் கண்டுகொள்வது எப்படி? காதைத் தீட்டிக்கொண்டு, பேச்சில் 'நாங்க' வருகிறதா என்று கேளுங்கள். "நாங்க பிரேக்கை மாத்திட்டோம்" என்பார். "இந்த வருஷம் நாங்க மஞ்சள் கலர் விடலை" என்பார். ஐயா அந்தத் தொழிற்சாலையின் பங்குதாரர் போலிருக்கிறதே என்று நீங்கள் மரியாதையாக எழுந்து நிற்பீர்கள். உட்காருங்கள். இவர் பணம் கட்டினார், அவர்கள் சாவி கொடுத்தார்கள். தொழிற்சாலைக்கும் இவருக்கும் உள்ள பந்தம் அத்தோடு முடிந்தது.

நம் ஆளுக்குத் தொழில் மெத்தை. ஊரில் பாதிப் பேர் அவர் தயாரித்த மெத்தையில்தான் தூங்குகிறார்கள். முதுகுத்தண்டு எப்படிப் படிய வேண்டும், இடுப்பு எவ்வளவு அமிழ வேண்டும் என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவரையும் நிற்கவைத்துப் பாடம் எடுப்பார். பாடம் முடிந்ததும் வெளியே வந்து, பலகையில் துணி ஒட்டிய மாதிரி சீட் போட்ட தம்முடைய பருந்து வண்டிக்குள் விழுவார். பருந்து என்றால் மூக்கில் பருந்துச் சின்னம் போட்ட வண்டி. அதை வாங்கிய நாளிலிருந்து பெற்றவர்கள் வைத்த பெயர் போய், பருந்தார் என்பதே நிலைத்துவிட்டது. அவருக்கும் அதில் உள்ளூரச் சந்தோஷம்தான்.

பருந்துக்கு ஒரு பகை உண்டு, சுறா. அதற்கு மூக்கில் சுறாமீன். பருந்துக்கு இன்ஜின் பின்னால், சுறாவுக்கு முன்னால். உங்களுக்கும் எனக்கும் வண்டி ஓடினால் போதும். பருந்தாருக்கு அது கொள்கை. "முன்னாடி இன்ஜின் வெச்சா அதுக்குப் பேரு காரா? மாட்டு வண்டியிலதான் மாட்டை முன்னாடி கட்டுவாங்க" என்று சொல்லிவிட்டுத் தாமே முதலில் சிரிப்பார். கல்யாண வீடு, துக்க வீடு என்று அவருக்கு வித்தியாசம் கிடையாது.

அவருடைய மனைவி பள்ளியில் இலக்கணம் சொல்லித் தருகிறவர். சாப்பாட்டு மேசையில் ஒருநாள் பருந்தார், "அடுத்த வருஷம் நாங்க புது மாடல் விடறோம்" என்றார்.

"ரொம்பச் சந்தோஷம். நாம அடுத்த வருஷமாவது குளியலறைக் குழாயை மாத்துவோமா?" என்றார் மனைவி.

பருந்தார் நிமிர்ந்து பார்த்தார்.

"என் ஆறாம் வகுப்புப் பசங்களுக்கே இது தெரியும். நாமன்னா எதிர்ல இருக்கறவங்களும் சேர்த்தி. நாங்கன்னா எதிர்ல இருக்கறவங்க வெளியே. இந்த வீட்டுல நான் எப்பவும் வெளியேதான் நிக்கிறேன்."

பருந்தார் அதைக் குழாய் பற்றிய புகார் என்று நினைத்துப் பிளம்பருக்குப் போன் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலைதான் பருந்தாரின் வாழ்க்கை. நெடுஞ்சாலை ஓரத்துக் காபிக் கடை வாசலில் பருந்து வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். வழியில் ஒரு பருந்து எதிரே வந்தால் ஹெட்லைட்டை இரண்டு முறை சிமிட்ட வேண்டும், எதிராளியும் இரண்டு முறை சிமிட்டுவார். அந்த நான்கு சிமிட்டலில் கிடைக்கிற ஆனந்தம் சிலருக்குச் சொந்தப் பிள்ளை பரீட்சையில் தேறினால்கூடக் கிடைக்காது. அங்கே அவருக்கு உயிர் நண்பர் ஒருவர் உண்டு, பல் டாக்டர். இருவரும் ஒரே மாதத்தில் வண்டி எடுத்தவர்கள், ஒரே மேசை, ஒரே காபி. கடை வாசலில் பருந்து மட்டும்தான் நிற்க வேண்டும், மற்ற வண்டியெல்லாம் டயருக்குக் காற்றடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஓரமாக நிற்கட்டும் என்று சட்டம் கொண்டுவந்தவர் பருந்தார். கைதட்டி ஆதரித்தவர் டாக்டர்.

அப்படிப்பட்டவர் ஏன் மாறினார்? கேட்டால் உங்களை உட்காரவைத்து விளக்குவார். ஸ்டீயரிங்கில் உயிர் இல்லை என்பார். புதிய நிர்வாகம் வந்த பிறகு பருந்துக்கு ஆன்மா போய்விட்டது என்பார். இன்ஜின் சத்தத்தில் பழைய கமகம் இல்லை என்பார். அத்தனையும் சுத்தப் பொய். உண்மைக் காரணம் அவருடைய முட்டி.

இந்த வண்டிகளில் ஏறுவது பெரிய விஷயமில்லை, குழிக்குள் விழத் தெரிந்தால் போதும். இறங்குவதுதான் வித்தை. முதலில் ஒரு காலை வெளியே போட வேண்டும். பிறகு ஒரு கையால் கூரையைப் பிடித்து, இன்னொரு கையைத் தொடையில் ஊன்றி, மூச்சை இழுத்துப் பிடித்து, நடுவழியில் 'அம்மா' என்று வருகிற சத்தத்தை இருமலாக மாற்றி, ஒருவழியாக நிமிர வேண்டும். பருந்தார் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார். கடை வாசலில் வண்டியை நிறுத்தியதும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். மறுமுனையில் யாரும் இருக்கமாட்டார்கள். எல்லாரும் உள்ளே போய் உட்கார்ந்து, முதுகைத் திருப்பிய பிறகு இறங்குவார். டாக்டரும் ஏனோ ஒவ்வொரு வாரமும் தம் வண்டியின் சீட்டுக்கு அடியில் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார். கண்ணாடி அவர் மூக்கிலேயே இருக்கும். அது ஏன் என்று யோசிக்கிற நிலைமையில் பருந்தார் இல்லை.

ஒருநாள் வேறு வேலையாகப் போனவர், சும்மா பார்ப்போமே என்று சுறா ஷோரூமுக்குள் நுழைந்தார். நடுக்கூடத்தில் சிவப்பாக ஒரு சுறா. விற்பனையாளர் கதவைத் திறந்துவிட, விழுந்தார். இறங்கும்போதுதான் அதிசயம் நடந்தது. காலை வெளியே போட்டார், அடுத்த கணம் நின்றுகொண்டிருந்தார். இருமல் இல்லை, ஊன்றல் இல்லை. கண்ணில் நீர் தளும்பிவிட்டது. மறுபடி ஏறினார், மறுபடி இறங்கினார். விற்பனையாளர், "சாருக்கு இன்ஜினைத் திறந்து காட்டட்டுமா?" என்றார். இன்ஜினை யார் கேட்டார்கள்? பருந்தார் அங்கேயே மதம் மாறினார்.

வண்டி வீட்டுக்கு வந்தது. தெருவே வேடிக்கை பார்க்க, மனைவி வாசலில் நிற்க, பருந்தார் கம்பீரமாகக் கதவைத் திறந்து காலை வெளியே போட்டார். கால் வந்தது, ஆள் வரவில்லை. மறுபடி முயன்றார். அப்போதுதான் புரிந்தது. ஷோரூமில் சுறாவை ஒரு முழ உயர மேடையில் நிறுத்தியிருந்தார்கள். அவர் வண்டியிலிருந்து எழுந்திருக்கவில்லை, மேடையிலிருந்து இறங்கியிருக்கிறார். மனிதர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார், தெரு கலைகிற வரைக்கும்.

இந்த இடத்தில் நீங்களும் நானுமாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடுவோம். இந்த இனம் சொல்லாது. மறுநாளே பிரசாரம் தொடங்கிவிட்டது. "நாங்க இன்ஜினை முன்னாடிதான் வைப்போம். எந்த ஊர்லயாவது மாட்டை வண்டிக்குப் பின்னாடி கட்டுவாங்களா?" அதே மாடு, அதே வண்டி, அதே சிரிப்பு. மாடுதான் இடம் மாறியிருந்தது.

அடுத்த ஞாயிறு நெடுஞ்சாலையில் எதிரே பருந்து ஒன்று வந்தது. டாக்டரின் வண்டி. பழக்க தோஷத்தில் பருந்தாரின் விரல் ஹெட்லைட்டை இரண்டு முறை சிமிட்டிவிட்டது. டாக்டர் பார்த்தார், சின்னத்தைப் பார்த்தார், நேரே பார்த்துக்கொண்டு போய்விட்டார். பருந்தாருக்குச் சுருக்கென்றது. போனால் போகிறான் என்று வாய் சொன்னது. விரல் மட்டும் ஹெட்லைட் சுவிட்சை விட்டு நகரவில்லை.

சுறாக்காரர்கள் கூடுவது ஒரு பெரிய ஹோட்டலின் பின்புற வாசலில். அவர்களுக்கு ஹெட்லைட் சிமிட்டல் ஆகாது. உள்ளங்கையை நெட்டுக்குத்தாகத் தலைமேல் வைத்து, சுறாவின் முதுகுத் துடுப்பு மாதிரி ஆட்ட வேண்டும். பேரன் பேத்தி எடுத்தவர்கள், கம்பெனி முதலாளிகள், ஓர் ஓய்வுபெற்ற நீதிபதி உட்பட எல்லாரும் தலையில் கையை வைத்து ஆட்டினார்கள். பருந்தாரும் ஆட்டினார். நாற்காலி கொடுத்தார்கள், பழரசம் கொடுத்தார்கள். வளைவில் வண்டி எப்படித் திரும்பும் என்று பேச்சு வந்தது. பருந்தாருக்கு உற்சாகம் பொங்கிவிட்டது.

"வளைவா? நாங்க பின்னாடி பாரம் வெச்சிருக்கறதால ரோட்டை அப்படியே கவ்விப் பிடிப்போம். இந்தச் சுறா மாதிரி வழுக்கிக்கிட்டு..." என்று ஆரம்பித்தவர், சுற்றிலும் பழரசக் குழாய்கள் உதட்டிலேயே நின்றுவிட்டதைப் பார்த்தார்.

நீதிபதி மெதுவாக, "நாங்கன்னு சொன்னீங்களே, யாரு?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. மனிதர் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவர் வீட்டிலேயே கிடந்தார். செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று சொன்னால் மிகையாகிவிடும், ஆனால் பக்கம் திருப்பவில்லை. புதுக் குழாயைத் திறந்து திறந்து மூடினார். கடைக்கு வந்தவர்களிடம் முதுகுத்தண்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. சுறா கொட்டகையில் உறை போட்டபடி கிடந்தது. அவர் இழந்தது வண்டி இல்லை, டாக்டர். அது அவருக்கே தெரிந்திருந்தது, வாயில்தான் வரவில்லை.

அந்த மாதக் கடைசி ஞாயிறு மனைவியே கைப்பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். "எனக்குக் காபி வேணும். அந்த நெடுஞ்சாலைக் கடைக் காபிதான் வேணும்."

"அங்கயா? அங்க..."

"அங்கதான். சாவியை எடுங்க."

கடை வாசலில் பருந்துகள் வரிசையாக நின்றன. சுறா, சட்டப்படி, காற்றடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. காற்றுக் குழாயின் 'புஸ்' சத்தம் வேறு அவரைக் கேலி செய்வதுபோல் இருந்தது. மனைவி சட்டென்று இறங்கி, காபி சொல்லி வருகிறேன் என்று போய்விட்டார். பருந்தார் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். டாக்டர். பருந்தார் கண்ணாடியை இறக்கினார்.

"யார்கிட்ட பேசிட்டிருக்க?" என்றார் டாக்டர்.

"ஆபீஸ்ல இருந்து."

"ஞாயித்துக்கிழமையா?"

டாக்டர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பருந்துக்காரர்கள் யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் குனிந்து, பொய்ப்பல் கட்டியிருப்பதைச் சொல்ல வெட்கப்படுகிற நோயாளி மாதிரி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு. இது, இறங்கறதுக்கு எப்படி?"

பருந்தார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மூக்கிலேயே இருந்த கண்ணாடி, வாராவாரம் நடந்த தேடல், எல்லாம் ஒன்றாகப் பொருந்தியது. அடப்பாவி, இவனுமா?

இதோ பாருங்கள், ஆபத்தான கட்டம். "பிரமாதம், நாங்க அதையெல்லாம் யோசிச்சுத்தான் செய்யறோம்" என்று இந்த இனம் சொல்ல வேண்டிய இடம் இது. வாய் திறந்தது, 'நா' வரைக்கும் வந்துவிட்டது.

"நாசமாப் போச்சு. ஷோரூம்ல மேடை மேல நிறுத்தியிருந்தாங்கய்யா. அதை நம்பி வாங்கிட்டேன். வந்ததுலேருந்து இறங்க முடியாம உக்காந்திருக்கேன். கை குடு."

டாக்டர் கையைக் கொடுத்தார். பருந்தார் பிடித்து இழுத்ததில் டாக்டரின் முட்டி மடங்கி, அவரும் சுறாவின் கதவைப் பிடித்துத் தொங்கி, இருவரும் சேர்ந்து 'அம்மா' என்று சொல்லி, அதை இருமலாக மாற்றக்கூட மறந்து, எப்படியோ நிமிர்ந்தார்கள். நிமிர்ந்ததும் சிரிப்பு வந்தது. காற்றடிக்கிறவர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள்.

"நமக்கு வயசாயிடுச்சுய்யா. நாம இனிமே நாற்காலி உயரத்துக்கு ஒரு வண்டி பாக்கணும்" என்றார் பருந்தார்.

காபியோடு வந்த மனைவி அந்த 'நாம'வைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். தட்டில் மூன்று காபி இருந்தது.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நல்ல மனசு உங்களுக்கு. இப்போது இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரு வேன் வைத்திருக்கிறது. எட்டுப் பேர் உட்காரலாம், கதவைத் தள்ளினால் திறக்கும், படியில் கால் வைத்து ராஜா மாதிரி இறங்கலாம். போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் பருந்தார் யாரையோ மடக்கிவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: "தரையில தேய்ச்சுக்கிட்டுப் போறதெல்லாம் வண்டியா? நாங்க உயரமாத்தான் உக்காருவோம்." ஒரே ஒரு முன்னேற்றம், அந்த 'நாங்க'வுக்குள் மனைவியும் இருக்கிறார், டாக்டரும் இருக்கிறார்.

நீங்கள் சிரித்துக்கொண்டே படிக்கிறீர்கள். நம்மிடம் அப்படி வண்டி ஏது என்று ஒரு தைரியம். சரி, சட்டைப் பையில் இருக்கிற போனை எடுங்கள். இதற்கு முன்னால் வேறு கம்பெனி போன் வைத்திருந்தீர்கள் அல்லவா? ஏன் மாற்றினீர்கள் என்று மைத்துனர் கேட்டபோது கேமரா, வேகம், பாதுகாப்பு என்று என்னென்னவோ சொன்னீர்கள். பழைய போனில் எழுத்து பொடிப்பொடியாக இருந்து கண்ணுக்குத் தெரியவில்லை என்பதை மட்டும் சொல்லவே இல்லை. பரவாயில்லை, யாரிடமும் சொல்லமாட்டேன். ஆனால் 'எங்க போன்ல அதெல்லாம் வராது' என்று அவரிடம் சொன்னீர்களே, அந்த 'எங்க'வில் உங்களோடு வேறு யார் இருக்கிறார்கள் என்று மட்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.